பானைக்கு முந்தியவர்கள்

ஒரே ஒரு கரையாம். அந்தக் கரையிலே ஒரே ஒரு குடும்பமாம். அந்தக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் நடக்கத் தெரியாதாம், ஓடத்தான் தெரியுமாம். எங்கள் தாத்தா, பெயர் உடையணன், கதையை இப்படித்தான் தொடங்குவார். யாருடைய கதையோ என்று நாங்களும் உம் கொட்டிக்கொண்டிருப்போம். பாதிக்கு மேல்தான் தெரியும், அந்தக் குடும்பம் நாங்கள்தான் என்று.

உட்காருங்கள் அய்யா. சோணை, அய்யாவுக்கு ஒரு டீ போடு. பால் புதுசாகக் காய்ச்சு, காலையிலிருந்து கொதித்ததை ஊற்றாதே.

நீங்கள் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. சலவை வேட்டி, தோளில் புதுத்துண்டு. பஸ்ஸை விட்டு இறங்கியவர் பூமிநாதன் வீடு எது என்று கேட்கவில்லை. பூமிநாதனுக்குப் பங்காளி யார் என்று இந்தச் சோணையிடம் கேட்டீர்கள். அது போதும் எனக்கு. பெண் கொடுக்கிற வீட்டுக்காரர்தான் அப்படிக் கேட்பார். மாமன் மச்சானிடம் விசாரித்தால் பையன் சொக்கத்தங்கம் என்பான். பங்காளிதான் உள்ளதை உள்ளபடி கக்குவான். எங்கள் பக்கத்து வழக்கம் இது. உங்கள் திருவாடானைப் பக்கமும் இதுதான் என்று கேள்வி.

சரியான ஆளிடம் வந்துவிட்டீர்கள். நான் சொர்ணலிங்கம். பூமிநாதன் என் பெரியப்பா மகன். எனக்கு மூத்தவன், அண்ணன் என்று கூப்பிட வேண்டும். நான் கூப்பிடுவதில்லை. முன்னால் பிறந்தான், அவ்வளவுதான். அந்த ஒன்றில்தான் அவன் என்னை முந்தியிருக்கிறான்.

கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள். நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் யாருமே சத்தம் போட மாட்டோம். ஓடும்போது குரைப்பது நாய். குதிரை குரைத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பூமிநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவன் எங்கிருந்து எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தாத்தா மீன்வண்டி ஓட்டினார். மாட்டுவண்டிதான். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஐஸ் ஏது? விடிகாலையில் பிடித்த சூடை மீனும் காரல் மீனும் தேவகோட்டைச் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் நாறிவிடும். முதலில் போய் நிற்கிற வண்டிக்குத்தான் மரியாதை. மற்ற வண்டிக்காரர்கள் வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள், புளியமரத்தடியில் அவிழ்த்துக் கட்டி இளைப்பாற்றுவார்கள். மாட்டுக்குச் சேவகம் செய்யப் பிறந்தவர்கள். தாத்தா நிறுத்தவே மாட்டார்.

அப்போது கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ் ஒன்று தொண்டியிலிருந்து தேவகோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் தாத்தா அந்தப் பஸ்ஸையே முந்திவிட்டார். மாட்டுவண்டி, அய்யா. பஸ்ஸை. பஸ் நடுவழியில் கரி போடுவதற்கு நின்றது என்று சில பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். நின்றால் என்ன? நிற்கிறவன் தோற்கிறான். அவன் ஏன் நின்றான்?

அன்றைக்கு வண்டி இழுத்த செவலை மாடுதான் சந்தை வாசலில் படுத்தது, பிறகு எழவில்லை. அதன் ஜோடியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று அதையும் கொடுத்துவிட்டார். வண்டியும் போயிற்று. அதற்குப் பிறகு தாத்தா மீன்வண்டி ஓட்டவில்லை. அது வேறு கதை. அந்த ஓட்டத்தை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை, அதைச் சொல்லுங்கள். இனி முறியடிக்கவும் முடியாது. யாரிடம் மாட்டுவண்டி இருக்கிறது?

தரை தாத்தாவோடு முடிந்தது. தண்ணீர் எங்கள் அப்பா, நாகநாதன்.

எங்கள் ஊரில் அம்மன் கோயில் முளைப்பாரிக்கு மறுநாள் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், உங்களுடையது வயல்காட்டு ஊர். படகுகள் கரையை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் கரையில் அம்மனுக்குப் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றுவார்கள். கடலில் கொடி கட்டி ஒரு மிதவை போட்டிருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஜெயிக்கிறவன் வருஷா வருஷம் ஒருவன் இருப்பான், அது பெரிய விஷயமில்லை. பானை பொங்குவதற்குள் வந்தானா என்பதுதான் விஷயம். அப்படி வந்தவனுக்குப் பெயர் பானைக்கு முந்தியவன். இந்தக் கரையில் பானைக்கு முந்தியவர் ஒரே ஒருவர். எங்கள் அப்பா. அவருக்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது.

அன்றைக்கு ஈர விறகு, அடுப்புப் புகைந்துகொண்டே இருந்தது என்று பேசுகிறவர்களும் உண்டு. பேசட்டும். விறகை நனைத்தது நாங்களா?

அப்பாவுக்குப் போட்டிநாள், வேலைநாள் என்றெல்லாம் வித்தியாசம் கிடையாது. மீன் பிடிக்கப் போனாலும் கரைக்கு அவர்தான் முதலில் வர வேண்டும். ஒரு தடவை பக்கத்து ஊர் மணல்வலசைக்காரன் ஒருவன் பின்னால் நெருங்கி வந்துவிட்டான். அப்பா யோசிக்கவே இல்லை. படகில் கிடந்த பாரத்தை எல்லாம் கடலில் தள்ளினார். குடிதண்ணீர்ப் பானை, சோற்றுச் சட்டி, ஈர வலை, கடைசியில் அன்றைக்குப் பிடித்த மீன் அத்தனையும். படகு பஞ்சு மாதிரி பறந்து வந்தது. முதலில் வந்தார். கூடையோடு காத்திருந்த எங்கள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிப் போனார். அன்றைக்கு வீட்டில் கஞ்சி. ஆனால் என்ன கஞ்சி அய்யா அது. ஜெயித்தவன் வீட்டுக் கஞ்சி. மணல்வலசைக்காரன் கூடை கூடையாக அள்ளினானே, அவனை இன்றைக்கு யாருக்காவது நினைவிருக்கிறதா?

அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வயதுக்காரர்கள் எல்லாம் இன்னும் இந்தக் கரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் அவர்தான் முதல்.

டீயைக் குடியுங்கள். ஆறிவிடும். நான் குடித்துவிட்டேன்.

என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாது. இருந்தாலும் கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? சரி, கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அந்த வேலியோரம் நிற்கிறதே குட்டியானை, அது என்னுடைய வண்டி. மீன் லோடு. ராமநாதபுரத்துக்கு இந்தக் கரையிலிருந்து எத்தனையோ பேர் லோடு அடிக்கிறார்கள். எனக்கு முன்னால் எவனும் போய் இறக்கியதில்லை. முன்பக்கம் அப்படி நசுங்கி இருப்பதைப் பார்க்காதீர்கள், வழியில் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரை ரோட்டுக்குள் தள்ளிக் கட்டியிருக்கிறான்.

எனக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பேச்சுவாக்கில் சொல்கிறேன், வேறொன்றுமில்லை. ஒரு இடம் கூடி வந்தது. நிச்சயத்துக்குப் பெண்ணுடைய தாத்தாவை நான்தான் பைக்கில் அழைத்துப் போனேன். மண்டபத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் ஆளைக் காணோம். எங்கே தாத்தா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பின்னால் வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன். பொய்யா? வந்துகொண்டுதான் இருந்தார், நடந்து. வேகத்தடையில் விழுந்தவருக்குச் சிராய்ப்புதான், எலும்புக்கு ஒன்றுமில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். அதற்குப் போய் இடத்தையே முறித்துவிட்டார்கள். சின்ன மனசுக்காரர்கள். நல்லவேளை என்று நான் விட்டுவிட்டேன்.

நீங்கள் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை, மாமா. மாமா என்று கூப்பிடலாமல்லவா? முறை அதுதானே வருகிறது.

சரி, பூமிநாதன்.

அவனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, நங்கூரம். நான் வைத்ததுதான். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடியும்போது போவான். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குத்தான் போவான், முன்கதையை யாரிடமும் கேட்கவும் மாட்டான். ஒரு கேள்வி கேளுங்கள், நீங்கள் ஒரு பீடியைப் பற்ற வைத்து முடித்த பிறகு பதில் வரும். சில சமயம் மறுநாள் வரும். கோபம் வந்தால் இன்னும் மோசம், நாள் கணக்கில் வாயே திறக்க மாட்டான். அவனோடு ஒரு பெண் எப்படிக் காலம் தள்ளுவாள்?

குடிக்கிறானா என்று கேட்டீர்கள். குடிக்க மாட்டான். கடை அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டுமே.

அவன் அம்மாவா? என் பெரியம்மாதான். பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது. அவன்தான் ஊட்டுகிறான். அதையும் ஒருநாள் வந்து பாருங்கள். ஒரு வாய் வைப்பான். அது உள்ளே போகிறவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்புறம் அடுத்த வாய். இவன் ஊட்டி முடிப்பதற்குள் மற்ற படகெல்லாம் கடலில் வலை விட்டிருக்கும். நான் ஒருநாள் ஊட்டினேன். சட்டென்று முடித்துவிட்டேன். பெரியம்மாவுக்குப் புரையேறியது. அவளுக்கும் பழக்கம் கெட்டுப் போயிருக்கிறது.

இதெல்லாம் சில்லறைக் குறை, மாமா. பெரிய குறையை இப்போது சொல்கிறேன். இதை நான் வெளியாளிடம் சொன்னதில்லை. சோணை, நீ அடுப்பைப் பார். உனக்குத் தெரிந்த கதைதான்.

போட்டிப் படகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. அப்பாவுக்குப் பிறகு சுக்கான் ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு, மறுவருஷம் அவன் வீட்டுக்கு. அந்த வருஷம் அவன் முறை. என்ன செய்வது, முறை என்றால் முறை. அன்றைக்கு அடித்த காற்று மாதிரி ஒரு காற்றை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கோடைக் காற்று தென்கிழக்கில் எழும்பி நெட்டாக நின்று அடிக்கிறது. அப்படிக் காற்று அடித்தால் படகு ஒரு பக்கமாகச் சாயும். சாயாமலிருக்க எதிர்ப்பக்கம் ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டி, அதன் நுனியில் ஓர் ஆள் உட்கார வேண்டும். கீழே கடல். பாரமும் அவன்தான், தைரியமும் அவன்தான். எங்கள் பலகையில் நான்.

கொடி மிதவையைச் சுற்றித் திரும்பியாயிற்று. கரையைப் பார்க்கிறேன். அடுப்புப் புகை தெரிகிறது, பானையைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்கள், ஒரு குலவைச் சத்தம் இல்லை. குலவை இல்லையென்றால் பானை இன்னும் பொங்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகு, மணல்வலசைப் படகு. அவர்கள் பலகையில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பிடிகயிறு அறுந்தது. தண்ணீரில் விழுந்தான். ஆள் விழுந்ததும் அவர்கள் படகு தள்ளாடிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்துப் போகிறது, திருப்ப முடியவில்லை. யோசித்துப் பாருங்கள் மாமா. முன்னால் யாருமில்லை. கடலே வழிவிட்டு நிற்கிறது. எங்கள் அப்பாவுக்கு அடுத்தபடி பானைக்கு முந்தப் போகிறோம்.

விழுந்தவனைத் தூக்குவதற்குக் கமிட்டிப் படகு இருக்கிறது. மோட்டார் போட்டது. அது அப்போது மிதவைப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்து முடித்ததும் வரத்தானே போகிறது? நான் பலகையிலிருந்தே பூமிநாதனிடம் சொன்னேன், "கமிட்டிப் படகு வரும், நீ விடு, நேரா விடு" என்று.

அவன் பாய்க் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டான்.

பாய் தளர்ந்தால் என்ன ஆகும்? சாய்ந்திருந்த படகு இந்தப் பக்கம் திரும்பி விழும். பலகை தண்ணீருக்குள் போகும். போயிற்று. பலகையோடு நானும் போனேன். பலகையில் ஆள் இருக்கிறான் என்ற நினைப்பு வேண்டாமா? மணல்வலசைக்காரன் ஏற்கெனவே தண்ணீர் குடித்து மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தான். முதலில் அவனைத்தான் பூமிநாதன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டான். வேற்று ஊர்க்காரனை முதலில். சொந்தப் பங்காளி அப்புறம்.

எனக்கு நீச்சல் தெரியும். இந்தக் கரையில் என்னை நீச்சலில் அடிக்க ஆள் கிடையாது. பாய்க் கயிறு காலில் சுற்றிக்கொண்டு படகுக்கு அடியில் இழுத்துவிட்டது, அவ்வளவுதான். அதை அறுத்துவிடப் பூமிநாதனே கத்தியோடு குதித்தான். குதித்ததும் எப்படி? நிதானமாக. துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுக் குதித்தானாம். படகில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, நான் அப்போது அடியில் இருந்தேன்.

ஆமாம், அவன்தான் அறுத்தான். அதைத்தான் சொன்னேனே. ஏன் திரும்பக் கேட்கிறீர்கள்?

நாங்கள் கரைக்கு வந்தபோது போட்டியே முடிந்திருந்தது. கடைசிப் படகு நாங்கள். உடையணன் வீட்டுப் படகு, நாகநாதன் வீட்டுப் படகு, கடைசி. பொங்கலை இறக்கி, ஊருக்கே பரிமாறி, பானையைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தார்கள். கவிழ்த்த பானையைப் பார்த்துக்கொண்டு நான் ஈரத்தோடு நிற்கிறேன். எங்கள் பரம்பரையே அங்கே கவிழ்ந்து கிடக்கிற மாதிரி இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டு ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள். அவன் வேட்டியைப் பிழிந்தான். பிழிந்துகொண்டே இருந்தான். எல்லோரும் கலைந்து போகலாமா என்று நினைக்கிற நேரத்தில் சொன்னான், "கையத் தூக்குனான். பாத்துட்டேன்."

இவ்வளவுதான் பதில். பார்த்துவிட்டானாம். நானும்தான் பார்த்தேன். பார்த்தால் நின்றுவிட வேண்டுமா? எங்கள் தாத்தா செவலையின் வாயில் நுரை தள்ளியதைப் பார்க்கவில்லையா? நின்றாரா? நின்றிருந்தால் இன்றைக்கு உங்களிடம் சொல்ல எனக்குக் கதை ஏது?

அந்த மணல்வலசைக்காரன் இருக்கிறானே, அவன் இப்போதும் வந்துபோய்க்கொண்டிருக்கிறான். வருவான், பூமிநாதன் வீட்டு வாசலில் உட்காருவான், கிழிந்த வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கிழிசலை முடிச்சுப் போட்டுச் சரிசெய்வான். இரண்டு பேரும் மணிக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கஞ்சி குடித்துவிட்டுப் போவான். எதிரிக்கு வீட்டில் கஞ்சி ஊற்றுகிற மானங்கெட்ட வழக்கம் எங்கள் குடும்பத்தில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா வழியில் வந்திருக்கும்.

வேறு குறையா? இதற்கு மேல் என்ன குறை வேண்டும் மாமா? பொம்பளை விஷயம் கிடையாது. சீட்டாட்டம் கிடையாது, அவன் ஒரு சீட்டை இறக்குவதற்குள் மற்றவன் தூங்கிவிடுவான். கைநீட்டினான் என்று பேச்சே கிடையாது. இல்லாததை நான் எப்படிச் சொல்வது? பங்காளி என்பதற்காகப் பொய் சொல்ல முடியுமா? உள்ள குறையைச் சொல்லிவிட்டேன். ஜெயிக்கிற நேரத்தில் நிற்கிறவன். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பெயரைத் தண்ணீரில் விட்டவன். ஒரு ஆளைத் தூக்கப் போய், ஒரு குடும்பத்தையே முக்கினவன். உங்கள் பெண்ணின் நல்ல காலம், முதலில் என்னிடம் வந்தீர்கள்.

எழுந்துவிட்டீர்களா? டீயை இப்போதுதான் குடித்து முடித்திருக்கிறீர்கள். நிதானமாகக் குடிக்கிற ஆள் போலிருக்கிறது. பரவாயில்லை, வயதானவர். சோணையிடம் நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன், நீங்கள் இடுப்பில் கை வைக்காதீர்கள்.

என்ன கேட்டீர்கள்? சரியாகக் காதில் விழவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்கு எந்தப் பக்கம் தம்பி போகணும்?"

மாப்பிள்ளை என்றால்... ஓ, பூமிநாதனைச் சொல்கிறீர்களா. புரிந்துவிட்டது மாமா, புரிந்துவிட்டது. மரியாதை தெரிந்த மனுஷன் நீங்கள். வேண்டாம் என்பதை ஆள் விட்டுச் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்ல நினைக்கிறீர்கள். இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்கிறார்கள்? இந்தப் பனையோலை வேலியை ஒட்டியே போனால் உப்புக்காற்றில் வெளுத்துப்போன நீலக் கதவு. பெரியம்மா வாசல் கட்டிலில் இருப்பாள்.

எதற்கு நடக்கிறீர்கள்? வண்டி நிற்கிறது, ஏறுங்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் விட்டுவிடுகிறேன். நடந்தே போகிறீர்களா? சரி. செருப்பைக் கழற்றிக்கொள்ளுங்கள், மணல் சுடாது இப்போது. போய்விட்டு இந்த வழியாகத்தானே வருவீர்கள்? நான் இங்கேயேதான் இருப்பேன். மற்றதைப் பேசலாம். முறை இருக்கிறது, வயதும் பொருந்தி வரும்.

பார்த்தாயா சோணை, எப்படி மனுஷன். ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். நான் அந்தப் பாய்க் கயிற்றைச் சொன்னபோது அவர் கண்ணைப் பார்த்தாயா, கலங்கிவிட்டது. பரம்பரைப் பெருமை தெரிந்தவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

நீ ஏன் சிரிக்கிறாய்? சிரிக்கவில்லையா? பிறகு எதற்குத் துண்டை உதறித் தோளில் போடுகிறாய்?

"பெரியவருக்கு வீட்டக் காட்டிட்டு வந்துர்றேன். புது ஆளு, வேலியில எங்க திரும்பணும்னு தெரியாம நிப்பாரு. இன்னிக்கு அந்த வீட்டுல வெத்தலபாக்குக்கு ஆள் வேணும். அடுப்புல பால் இருக்கு லிங்கம், பொங்குறதுக்குள்ள எறக்கி வச்சிரு."

என்னிடமா சொல்கிறாய்? நாகநாதன் மகனிடம்? பானைக்கு முந்தியவன் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு பால்சட்டி பெரிசா? போ, போ.

வெற்றிலைபாக்கு எதற்கு? வேண்டாம் என்று சொல்லப் போகிற இடத்தில் வெற்றிலைபாக்கு எதற்கு? டீக்கடைக்காரனுக்கு என்ன தெரியும். நடக்கிறார்கள் பார், இரண்டு பேரும். ஒருவன் தோளில் ஒருவன் கை போடாத குறை. இந்த நடை நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். நான் நினைத்தால் இப்போதே வண்டியை எடுத்து, தார்ரோட்டைச் சுற்றி, அவர்களுக்கு முன்னால் போய் அந்த நீலக் கதவில் நின்றுவிடுவேன். அது எனக்குப் பெரிய காரியமே இல்லை. போய் நிற்கலாம். போய் நின்று... என்னவாவது சொல்லலாம்.

பெரியவர் வேலியில் திரும்பிவிட்டார். சோணைதான் பின்தங்கி, காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டு நிற்கிறான். சோணை, உன் பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. இந்தத் தூரத்துக்கு உனக்குக் கேட்காது. கேட்கிற மாதிரிக் கூப்பிடலாம், ஆனால் நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. இதோ, இவனும் வேலியில் திரும்பிவிட்டான்.